எட்டு வீட்டு ஏப்பம்

ஊரடங்கு போட்டுப் பதினேழாம் நாள் காலையில், திருப்பூரில் நொய்யலுக்கு வடகரையில் இருந்த எட்டு வீட்டு லைனில், அயர்ன் மாஸ்டர் மருதாசலம் ஆறு இட்லி தின்றார். இருபத்தைந்து பேருக்கு ஏப்பம் வந்தது. லைனில் குடியிருந்தவர்கள், கைக்குழந்தைகளைச் சேர்க்காமல், மொத்தம் இருபத்தேழு பேர். தின்ற மருதாசலத்தைக் கழித்தால் இருபத்தாறு. ஏப்பம் வராத அந்த ஒருத்தி ஆறாம் நம்பர் வீட்டு ஒச்சம்மாள், செக்கிங் வேலைக்காரி, உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. இந்தக் கதையில் பெரும்பகுதி வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு நிற்கப்போகிறவள் அவள்தான்.

அந்த லைனில் எல்லாருமே பனியன் கம்பெனி ஆட்கள். ஒருவர் வெட்டுவார், ஒருவர் தைப்பார், ஒருவர் பிசிறு எடுப்பார், ஒருவர் தேய்ப்பார், ஒருவர் மடித்துப் பெட்டியில் அடுக்குவார். எட்டு வீட்டையும் வரிசையாக நிறுத்தி ஒரு முனையில் துணியை விட்டால் மறுமுனையில் பனியனாக எடுத்துவிடலாம். வேறு ஊரில் ஒருவனைப் பார்த்து எப்படி இருக்கிறாய் என்றால் நல்லா இருக்கிறேன் என்பான், திருப்பூரில் கேட்டால் ஒன்றரை ஷிப்ட் ஓடுது என்பான். அதாவது காலை எட்டரைக்கு உள்ளே போய் இரவு எட்டரைக்கு வெளியே வருகிறான், சனிக்கிழமையானால் கையில் காசு வருகிறது, கவலை இல்லை என்று பொருள். அந்த ஒன்றரை ஷிப்ட் ஒரே நாளில் இல்லாமல் போனது. மிஷின் நின்றது, சனிக்கிழமைச் சம்பளம் நின்றது, காண்ட்ராக்டரின் போன் முதலில் பிஸியாக இருந்தது, பிறகு அணைந்தே போனது. ரேஷன் கார்டு எல்லாருக்கும் இருந்தது, ஆனால் அது உசிலம்பட்டியிலும் தாராபுரத்திலும் ஒடிசாவிலும் இருந்தது. கார்டு ஓரிடத்தில், வயிறு ஓரிடத்தில். முதல் வாரம் மூன்று வேளை சாப்பிட்டார்கள், இரண்டாம் வாரம் இரண்டு வேளை, மூன்றாம் வாரம் வேளை பார்ப்பதையே விட்டுவிட்டார்கள்.

பசி வந்தால் பத்தும் பறந்துவிடும் என்பார்கள். பறந்தது. ஆனால் பதினோராவதாக ஒன்று இருந்தது, அது மட்டும் பறக்கவில்லை. குழாயடியில் எதிர்ப்பட்டால், வாசலில் தலையை நீட்டினால், ‘சாப்டாச்சுங்களா’ என்று கேட்கும் பழக்கம்தான் அது. கேட்பவர் இலை போடப்போவதில்லை, பதில் சொல்பவர் சாப்பிட்டிருக்க வேண்டியதும் இல்லை. ‘ஆச்சுங்க’ என்று சொல்லிவிட்டால் இரண்டு பேருக்கும் மரியாதை. இல்லை என்று சொன்னால் கேட்டவருக்குச் சங்கடம், சொன்னவருக்கு அதைவிடச் சங்கடம். அதனால் பத்து நாளாக எட்டு வீட்டுக்காரர்களும் ஒட்டிய வயிற்றோடு ஒருவரை ஒருவர் சாப்டாச்சா என்று கேட்டு, ஆச்சு என்று சொல்லி, மானத்தோடு பட்டினி கிடந்தார்கள்.

அன்று காலை மருதாசலம் சும்மா காற்று வாங்கத் தெருமுனைக்குப் போனார். வேனில் வந்த யாரோ புண்ணியவான்கள் நீட்டிய பொட்டலத்தை வாங்கினார். லைனுக்குக் கொண்டுபோனால் ஆறு இட்லியை இருபத்தேழாக எப்படிப் பிய்ப்பது என்று யோசித்தபடியே மின்கம்பத்துக்குப் பின்னால் நின்று ஒன்றைத் தின்றார், யோசனை முடியவில்லை, இரண்டாவதைத் தின்றார், ஆறாவது இட்லி முடிந்தபோதுதான் யோசனையும் முடிந்தது. குற்ற உணர்ச்சியில் அவர் குரல் பாகாக உருகிவிட்டது. லைனுக்குள் நுழைந்ததும் முதல் வீட்டுப் பழனாத்தாளைப் பார்த்து, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு அன்போடு கேட்டார்.

“ஏனுங் பழனாத்தா, சாப்டாச்சுங்களா?”

“ஆச்சுங்ண்ணா” என்றாள், முந்தின நாள் மத்தியானத்திலிருந்து ஒன்றும் சாப்பிடாத பழனாத்தாள். சொன்ன வாய் மூடவில்லை, நாபியிலிருந்து கிளம்பி, நெஞ்சில் ஒரு முறை நின்று, நீளமாக ஓர் ஏப்பம் வந்தது. மாஸ்க்குக்குள் அது சுற்றிச் சுற்றி வந்ததால் மணம் தப்பவில்லை. தேங்காய்ச் சட்னி, கொஞ்சம் சாம்பார். வயிறு கும்மென்று இருந்தது. இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு என்று மருதாசலம் கேட்டுக்கொண்டே போக, ஆச்சுங்க, ஆச்சுங்க என்று பதில் வர, பின்னாலேயே ஏப்பம் வர, நான்காம் வீட்டு ஒடிசாக்காரன் சுதாம், தமிழில் ‘சாப்டாச்சா’, ‘ஆச்சு’ என்ற இரண்டே சொல் தெரிந்தவன், பட்டன் வைத்தாயா என்றாலும் ஆச்சு, சம்பளம் வந்ததா என்றாலும் ஆச்சு என்று சொல்லிப் பழகியவன், அவனும் ஆச்சு என்றான், அவனுக்கும் வந்தது.

ஆறாம் வீட்டு வாசலில் ஒச்சம்மாள் வெறும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏனுங்க்கா, சாப்டாச்சுங்களா?”

“எங்கிட்டுத் திங்க? இன்னும் இல்லப்பா” என்றாள். அவளுக்கு ஒன்றும் வரவில்லை.

இப்படி நடக்குமா என்று லைனில் ஒருவரும் கேட்கவில்லை. சம்பளம் இல்லாமல் பதினேழு நாள் உயிரோடு இருந்ததே நடக்காத காரியம், அது நடந்தபின் இதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது காரணம் அல்ல, அளவு. கம்பெனியில் புது மிஷின் வந்தால் முதல் நாள் கழிவுத்துணியை விட்டுப் பார்ப்பதுபோல இதையும் விட்டுப் பார்த்தார்கள். கேட்பவர் உண்மையாகவே சாப்பிட்டிருக்க வேண்டும். பதில் சொல்பவர் வாயைத் திறந்து ஆச்சு என்று சொல்ல வேண்டும், தலையாட்டினால் போதாது. கேட்டவர் என்ன தின்றாரோ அதுதான் வயிற்றுக்குள் வரும், ஆனால் நாக்குக்கு ஒன்றும் கிடைக்காது, ஏப்பத்தில் வருகிற மணத்தோடு சரி. போனிலும் வேலை செய்தது. ஹூப்ளியில் லாரியோடு மாட்டிக்கொண்டிருந்த தன் புருஷனிடம் பழனாத்தாள் ஒரு நாள் புளிச்சோறு தின்றுவிட்டுக் கேட்டாள், அவர் அங்கே விட்ட ஏப்பம் இங்கே கேட்டது.

ஆக, இருபத்தேழு பேர் சாப்பிட ஒருவர் சாப்பிட்டால் போதும். ஆறாம் வீடு நீங்கலாக ஏழு வீட்டிலும் டப்பாவின் அடியில் கிடந்ததை எல்லாம் வழித்து ஒன்றாகக் கொட்டினார்கள். ஒரு வீட்டு அரிசி, ஒரு வீட்டுப் பருப்பு, ஒரு வீட்டு எண்ணெய், சுதாம் வீட்டுக் கடுகு. ஒரு அடுப்பு, ஒரு ஆளுக்கான சமையல். தின்பதற்கு ஷிப்ட் போட்டார்கள். காலை ஷிப்ட் ஒருவர், மத்தியான ஷிப்ட் ஒருவர். தின்று முடித்தவர் கையைக் கழுவிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கேட்டுவிட்டு வந்தால் ஷிப்ட் முடிந்தது.

பந்திக்கு முந்து என்ற பழமொழி தெரிந்தவர்கள்தானே எல்லாரும், முதலில் ஷிப்டுக்கு அடிதடி நடந்தது, நாக்கு ருசி தின்பவருக்கு மட்டும்தானே. ஒரு வாரத்தில் தலைகீழாகிவிட்டது, அந்த வேலையே வேண்டாம் என்று ஓடினார்கள். தின்கிறவரைச் சுற்றி இருபத்தைந்து பேர் நின்றுகொண்டு, எனக்கு வாய்வு, கிழங்கை ஒதுக்கிடுங்க என்பார் ஒருவர், நல்லா மென்னு தின்னுங்க, எனக்குச் செரிக்காது என்பார் இன்னொருவர். மருதாசலம் ஒரு நாள் ஆசைப்பட்டு ஒன்பது மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டுக் கேட்டுக்கொண்டு போனார்; லைனில் இருந்தது இரண்டே கக்கூஸ், அன்றைக்கு யார் யாரோடு பேசவில்லை என்ற பட்டியல் இன்றுவரை சிலருக்கு நினைவிருக்கிறது. சுதாம் தன் ஷிப்டில் அவன் ஊர்ப் பழக்கப்படி நீரூற்றிய பழைய சோற்றைத் தயிர் விட்டுத் தின்றுவிட்டு, சாப்டாச்சா, சாப்டாச்சா என்று போனான். அரை மணி நேரத்தில் லைன் முழுக்கப் படுத்துவிட்டது, பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது எல்லாருமே, பாவி, நல்ல தூக்கம்டா என்று அவனைத் தட்டிக்கொடுத்தார்கள். ஆச்சு, ஆச்சு என்றான் அவன்.

ஒச்சம்மாள் மட்டும் இதில் சேரவில்லை. சேர மாட்டேன் என்றில்லை, அவளால் முடியவில்லை. பத்தொன்பது வருஷமாகச் செக்கிங் மேஜையில் நிற்கிறவள். வெளிச்சத்தில் பனியனை விரிப்பாள், ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் ஏதாவது இருந்தால் தூக்கி எறிவாள், இல்லையென்றால் ‘போகட்டும்’ என்பாள். அந்த ஒரு சொல்தான் அவளுடைய முத்திரை. அவள் போகட்டும் என்று சொன்ன துணி எந்த நாட்டுக்கும் போகலாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே ஒரு முறை, தைத்தவள் அழுதாளே என்று, ஓட்டை விழுந்த துணியைப் போகட்டும் என்று விட்டாள். ஒரு துணிக்காக ஒரு கண்டெய்னர் கப்பலேறித் திரும்பி வந்தது, நாற்பது பேருக்கு ஆறு வாரம் வேலை போனது, அழுதவளும் அந்த நாற்பதில் ஒருத்தி. அன்றோடு சரி. இருப்பதை இருக்கிறது என்றும் இல்லாததை இல்லை என்றும் சொல்வதைத் தவிர அவள் வாய்க்கு வேறு எதுவும் வராமல் போனது. கல்யாண வீட்டில் குழம்பு எப்படி என்று கேட்டுவிட்டு அவளிடம் மாட்டிக்கொண்டவர்கள் திருப்பூரில் அநேகம் பேர்.

அவளிடம் அரிசி நாலு கிலோ இருந்தது. ஒரு நாளைக்கு ஒரு வேளை கஞ்சி. அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அவளுடைய ஒரே மகள் மாயக்காள், இருபது வயது, திண்டுக்கல் பக்கத்தில் ஒரு நூல் மில்லின் ஹாஸ்டலில் மாட்டிக்கொண்டிருந்தாள். மில் மூடிவிட்டது, பஸ் இல்லை. தினமும் நாலு மணிக்குத் தாய்க்குப் போன் பேச ஐந்து நிமிஷம் விடுவார்கள், வேறு நம்பருக்கு விட மாட்டார்கள்.

“சாப்டியாடி?” என்பாள் ஒச்சம்மாள், கஞ்சி குடித்த வயிற்றோடு.

“சாப்டேம்மா.”

“பொய் சொல்லாத. கொரலப் பாத்தா தெரியலயா? தையல் விட்டுப்போன மாதிரி கடைசில இழுக்குது.”

“இல்லம்மா, நெசமாத்தான்” என்பாள் மகள். சண்டையிலேயே ஐந்து நிமிஷமும் தீர்ந்துவிடும்.

மருதாசலத்துக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நாள் மத்தியான ஷிப்டில் வயிறு முட்டத் தின்றுவிட்டு, நாலு மணிக்கு ஒச்சம்மாளின் போனை வாங்கி, ஸ்பீக்கரைப் போட்டு, “கண்ணு மாயக்கா, நான் அயர்ன் மாமன் பேசறனுங். சாப்டாச்சா சாமி?” என்றார். எல்லாரும் ஏப்பத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

“இல்ல மாமா. நேத்து ஒரு கரண்டி உப்புமா குடுத்தாக, அதோட சரி. அம்மாட்டச் சொல்லிராதிக” என்றாள் மாயக்காள்.

தாயைப் போல மகள், ஊரில் ஒருவரிடமும் பொய் சொல்லத் தெரியாது. தாயிடம் மட்டும்தான் சொல்வாள். ஒச்சம்மாள் போனை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போனாள். அன்றைக்கு அவள் கஞ்சியும் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு லைனே சேர்ந்து அவளுக்குப் பொய் சொல்லப் பயிற்சி கொடுத்தது. நீயே செத்துப்போனால் மகள் வந்து யாரைப் பார்ப்பாள் என்று பழனாத்தாள் அழுதாள். சரி என்று ஒச்சம்மாள் நடு வாசலில் வந்து நின்றாள். மருதாசலம் ஏழு சப்பாத்தி தின்றுவிட்டு எதிரே நின்று, “ஏனுங்க்கா, சாப்டாச்சுங்களா?” என்றார். ஒச்சம்மாள் கண்ணை மூடினாள், மூச்சை இழுத்தாள், ஆ என்றாள், அதற்குமேல் பொய் தொண்டையில் சிக்கிக்கொண்டது, மூக்கு விடைத்தது, முகம் சிவந்தது, ஹாஆஆச்சு என்று ஒரு பெரிய தும்மல் தும்மினாள்.

அது எந்தக் காலம் என்று மறந்துவிடக் கூடாது. ஒரு தும்மலுக்கு ஏழு கதவும் ஒரே சத்தத்தில் சாத்திக்கொண்டன. சுதாம் மட்டும் பதற்றத்தில் கக்கூஸுக்குள் ஓடித் தாழ் போட்டுக்கொண்டான். பக்கத்துத் தெருவில் யாரோ போன் போட, தலை முதல் கால்வரை பிளாஸ்டிக் மூடிய இரண்டு பேர் வந்து ஒச்சம்மாளின் மூக்குக்குள் குச்சியை விட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் கழித்து ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அந்தத் தும்மலில் ஒச்சம்மாளுக்குப் பாதி வயிறு நிறைந்திருந்தது, அதை அவளே ஒப்புக்கொண்டாள், மூன்றரைச் சப்பாத்தி இருக்கும் என்றாள். மருதாசலத்துக்கு நம்பிக்கை வந்துவிட்டது, ஒரு வேளைக்கு இரண்டு தும்மல் போதும், மூக்குப்பொடி வாங்கித் தருகிறேன் என்றார்.

“தும்மலும் தானா வரணும்ப்பா. வரவச்ச தும்மலு பொய்த் தும்மலு” என்றாள் ஒச்சம்மாள்.

முப்பத்தைந்தாம் நாள் பொது டப்பாவும் காலியானது. ஒருவர் தின்னக்கூட ஒன்றும் இல்லாமல் போனால் இருபத்தாறு பேரும் ஆச்சு சொல்லி என்ன பிரயோஜனம்? அந்த நேரம் பார்த்து, நிவாரண அரிசிக்குப் பெயர் எழுத ஒருவர் பைலோடு வந்தார். நல்ல மனிதர்தான், வெயிலில் அலைந்து வேலை பார்க்கிறவர். ஆனால் எதிர்த்த தெருவில் யாரோ கொடுத்த மட்டன் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி, பேனாவைத் திறந்து, பழக்கதோஷத்தில் முதல் கேள்வியாக, “என்னங்கம்மா, எல்லாரும் சாப்டாச்சா?” என்று கேட்டுவிட்டார்.

“ஆச்சுங்க” என்றார்கள் எல்லாரும், பள்ளிக்கூடத்தில் வணக்கம் சொல்வதுபோல ஒரே குரலில். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். ஆனால் அதற்குள் பிரியாணி இறங்கிவிட்டது, கூடவே தயிர் வெங்காயம். சுதாம் கண்ணை மூடி மதிலில் சாய்ந்தான். அவர் பைலில், சாப்பிட்டவர்கள், தேவை இல்லை, என்று எழுதிக்கொண்டிருந்தார்.

“நான் சாப்பிடல சார்” என்றாள் ஒச்சம்மாள்.

“எல்லாரும் ஆச்சுங்கறாங்க, நீ மட்டும் இல்லைங்கற?”

“அவுகளும் சாப்பிடல சார். நாலு வாரமா ஒரு வீட்டுலயும் ஒழுங்கா அடுப்புப் பத்தல. வாய் பொய் சொல்லுது.”

“வாய் சொல்றது இருக்கட்டும்மா, வயிறு சொல்லுதே” என்றார் அவர். இருபத்தாறு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள், பொத்திய கைகளைத் தாண்டிப் பிரியாணி மணம் லைன் முழுக்க அடித்தது. அவர் என்ன செய்வார் பாவம், ஒச்சம்மாள் ஒருத்தியின் பெயரை எழுதினார், மறுநாள் ஒரு ஆளுக்கு ஒரு மாதத்துக்கான அரிசி பருப்பு மூட்டை வந்தது. எனது சொந்த உபயோகத்திற்கு மட்டும் என்று அச்சடித்த தாளில் ஒச்சம்மாள் கையெழுத்துப் போட்டு வாங்கினாள்.

மூட்டையை அவள் நடு வாசலில் கொண்டுவந்து வைத்தாள். ஒரு ஆளுக்கான அரிசி, அதாவது எட்டு வீட்டுக்கான அரிசி. மருதாசலம் அரைஞாணைத் தளர்த்திக்கொண்டு ஷிப்டுக்கு முன்னால் வந்தார்.

“நீ தள்ளு. நாந்தேன் திங்கணும். சொந்த உபயோகம்னு கையெழுத்துப் போட்டுருக்கேன், வேற ஆளு தின்னா கையெழுத்துப் பொய்யாப் போகும்” என்றாள்.

யாரும் மறுக்கவில்லை, தின்கிறவருக்குப் பொய் சொல்லும் வேலையே இல்லையே, இத்தனை நாள் இது ஏன் நமக்குத் தோன்றவில்லை என்று மகிழ்ந்தார்கள். மதிலோரத்து முருங்கையில் கீரை ஒடித்து, பருப்புப் போட்டுக் குழம்பு வைத்து, ஒரு மாதத்தில் முதல் முறையாக ஒச்சம்மாள் வயிறு நிறையத் தின்றாள். தின்று, கை கழுவி, புடவையை உதறிக் கட்டிக்கொண்டு முதல் வீட்டுக்குப் போனாள்.

“ஏத்தா பழனாத்தா, சாப்டியா?”

“ஆச்சுங்க்கா.”

பழனாத்தாளின் நெஞ்சு வரைக்கும் ஏப்பம் வந்துவிட்டது. ஆனால் எதிரே நின்றது செக்கிங்காரி. “என்னத்த ஆச்சு? காலைல இருந்து பச்சத்தண்ணி குடிக்கல, உதடு வெடிச்சுக் கெடக்கு, ஆச்சாம்ல!” என்றாள். வந்த ஏப்பம் அப்படியே கீழே இறங்கிப் போனது. இரண்டாம் வீட்டிலும் அதுதான் நடந்தது. சுதாமிடம், “ஏம்ப்பா, ஒனக்குத் தெரிஞ்ச பதிலே அது ஒண்ணுதான், அதையும் பொய்யாவா சொல்லுவ?” என்றாள். எட்டு வீட்டையும் சுற்றி முடித்தபோது இருபத்தாறு பேரும் வெறும் வயிற்றோடு நடு வாசலில் நின்று அவளை முறைத்தார்கள்.

“நான் என்ன செய்ய? ஓட்டையக் கண்டுக்கிட்டே எப்படி விடுறது? ஒரு தரம் விட்டு நாப்பது பேரு பொழப்புப் போச்சு” என்றாள். வயிறு நிறைந்திருந்ததே அவளுக்கு அவமானமாக இருந்தது.

மருதாசலம் திட்டத்தான் வந்தார், ஆனால் பசியில் திட்டுவதற்கும் தெம்பில்லை. கீழே உட்கார்ந்துகொண்டார். “அக்கா, எங்கிட்ட வர்ற துணி அத்தனையும் சுருங்கித்தானுங் வருது. ஐயோ சுருக்கம், ஐயோ சுருக்கம்னு நான் ஒரு நாளாச்சும் கத்திப் பாத்திருக்கறீங்களா? தேய்ச்சு உட்டா நேராப் போயிருதுங். அவ்வளவுதான்” என்றார்.

ஒச்சம்மாள் பதில் சொல்வதற்குள் அவள் முந்தானை முடிச்சுக்குள் போன் அடித்தது. மணி நாலு. பதற்றத்தில் விரல் பட்டு ஸ்பீக்கர் வந்துவிட்டது, அணைக்க அவளுக்குக் கை ஓடவில்லை.

“அம்மா.”

“சொல்லுடி. சாப்டியா?”

“சாப்டேம்மா” என்றாள் மாயக்காள்.

பத்தொன்பது வருஷத்துக் காது. கடைசி எழுத்தில் குரல் இழுத்தது அதற்குத் தெரிந்தது. நேற்று குடித்த அரை டம்ளர் டீ தெரிந்தது. பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு உப்புமாவைக் கொடுத்துவிட்டு வந்து பேசுகிறாள் என்பதுகூடத் தெரிந்தது. பொய் சொல்லாத என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இருபத்தாறு பேர் மூச்சை நிறுத்தினார்கள். அந்தச் சொல்லை ஒச்சம்மாள் பல்லால் கடித்துப் பிடித்தாள், கண்ணில் தண்ணீர் முட்டியது, மூக்கு விடைத்தது, மருதாசலம் பயந்து மாஸ்க்கை ஏற்றிக்கொண்டார். ஆனால் தும்மல் வரவில்லை.

“போகட்டும்” என்றாள்.

திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தது. முப்பத்தாறு நாள் பசியின் அடியிலிருந்து கிளம்பி, நிதானமாக மேலேறி, ஸ்பீக்கர் கரகரக்க, எட்டு வீட்டு லைனில் அதுவரை யாரும் விடாத நீளத்துக்கு ஓர் ஏப்பம்.

“அம்மா” என்றாள் மாயக்காள். “முருங்கக்கீரையா?”

“ஆமாடி.”

“உப்பு கூடிருச்சும்மா. இப்பவே தண்ணி தவிக்குது.”

ஊரடங்கு போட்டபின் மகள் அவளிடம் சொன்ன முதல் உண்மை அது. ஒச்சம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், அழுதபடியே சிரிக்கவும் செய்தாள். ஐந்து நிமிஷம் முடிந்து போன் கட்டானதும் மூக்கைச் சிந்திவிட்டு, முதல் வீட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். சாப்டியா பழனாத்தா? ஆச்சுங்க்கா. போகட்டும். சாப்டியா சுதாமு? ஆச்சு. போகட்டும். சாப்டியா மருதாசலம்? ஆச்சுங்க்கா. போகட்டும். பெட்டியில் துணி அடுக்குவதுபோல ஒன்றன்பின் ஒன்றாக எல்லாரையும் அனுப்பி முடித்தாள்.

அன்று சாயங்காலம் குழாயடியில் பெரிய வரிசை. ஆளுக்கு இரண்டு சொம்பு, மூன்று சொம்பு என்று தண்ணீர் குடித்தார்கள், குடித்துவிட்டு மறுபடி வந்து வரிசையில் நின்றார்கள். ஒச்சம்மாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“கொழம்பு எப்படி இருந்துச்சு?” என்று கேட்டாள்.

“அருமைங்க்கா” என்றார் மருதாசலம், சொம்பை இறக்கிவிட்டு. “உப்பு, உறைப்பு எல்லாம் அளவா இருந்துச்சுங்.” வரிசையில் நின்ற மற்றவர்களும் ஆமாங்க, ஆமாங்க என்றார்கள். சுதாம் ஆச்சு என்றான்.

ஒச்சம்மாள் அவர்கள் ஒவ்வொருவர் முகத்தையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், மறுநாளும் சாப்டியா என்று கேட்பதற்காக அரிசி களைந்து வைத்தாள்.